பசியாறப் போவோமா?



ஞாயிற்றுக்கிழமை காலை. சுபுஹுத் தொழுகையை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து திரும்பிய அத்தா, வாசலில் செருப்பைக் கழற்றும் முன்னரே பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொள்கின்றனர். "அத்தா, இன்றைக்குப் பசியாற வெளியே போவோமா?" என்று இளையவள் கையைப் பிடித்து இழுக்கிறாள். அடுப்படியில் நிற்கும் அம்மாவின் காதிலும் அந்தக் கேள்வி விழுகிறது. அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால், அடுப்பைப் பற்றவைக்கச் சென்ற அவருடைய கை சற்றே தயங்கி நிற்கிறது.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் வாழும் நம் குடும்பங்களில் வாரந்தோறும் காணக்கூடிய காட்சி இது. தமிழகத்திலிருந்து அங்கு சென்று உறவினர் வீட்டில் தங்கியவர்கள் இதை அறிவார்கள். வார விடுமுறைக் காலையில் குடும்பத்தோடு கடைக்குச் சென்று பசியாறுவது மலேசிய வாழ்க்கையின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் இது சனி, ஞாயிறு நாள்களில் நிகழும். கெடா, கிளந்தான், திரங்கானு ஆகிய மாநிலங்களில் வெள்ளியும் சனியும் விடுமுறையாதலால், அங்குள்ள குடும்பங்கள் வெள்ளிக்கிழமைக் காலையில் பசியாறி வந்து, பின்னர் ஜும்ஆவுக்கு ஆயத்தமாகின்றன. ஜொகூர் மாநிலம் 2025-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியிருக்கிறது.

'பசியாறுதல்' என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். மற்றவர்கள் சிற்றுண்டி என்றும் டிபன் என்றும் சொல்வதை நம்மவர்கள் பசியாறுதல் என்கிறார்கள். காலையில் ஒருவரை ஒருவர் கண்டால், "பசியாறியாச்சா?" என்று கேட்பதே நம் ஊர்களின் நலவிசாரிப்பு. உண்ணும் பண்டத்தின் பெயர் அச்சொல்லில் இல்லை. உண்பவரின் பசி தணிய வேண்டும் என்னும் கனிவு மட்டுமே அதில் இருக்கிறது. ஆகவே, பசியாறப் போகும்போது யாருடைய பசி ஆறுகிறது, யாருடைய பசி ஆறாமல் நிற்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நம் கடமையாகிறது.

மாமா கடையின் காலைப்பொழுது

சில மாதங்களுக்கு முன் பினாங்கு சென்றிருந்தபோது, உறவினர் குடும்பத்தோடு ஒரு ஞாயிறு காலை இத்தகைய கடை ஒன்றுக்குச் சென்றோம். மலேசியர் அனைவரும் அதை 'மாமாக்' கடை என்கின்றனர். 'மாமா' என்று நாம் உறவு சொல்லி அழைக்கும் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது என்பர். நம் மொழியின் ஓர் உறவுச் சொல் ஒரு நாட்டின் உணவகத்துக்கே பெயராகிவிட்டது!

கடையின் முகப்பிலேயே ரொட்டி வீசுகிறார் ஒருவர். மைதா மாவில் உப்பும் சிறிது சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவி முதல்நாள் இரவே ஊற வைத்துவிடுகிறார்கள். காலையில் அந்த உருண்டையைத் தட்டி, விரித்து, இரு கைகளாலும் வீசும்போது அது மல்லிகைப் பந்தல் துணிபோல் மெலிந்து விரிகிறது. மடித்துக் கல்லில் இட்டு, இருபுறமும் பொன்னிறமானதும் எடுத்து, இரு உள்ளங்கைகளுக்கிடையே தட்டினால் அடுக்கடுக்காகப் பிரிகிறது. இதுவே 'ரொட்டி சானாய்'. சிங்கப்பூரில் இதனைப் 'பிராட்டா' என்பர். நம் ஊர்ப் பரோட்டாவின் உடன்பிறப்பு என்பதைப் பார்த்த மாத்திரத்திலேயே கண்டுகொள்ளலாம். தொட்டுக்கொள்ளப் பருப்பு ஆணமும் மீன் ஆணமும் சம்பலும் தருகிறார்கள்.

பக்கத்தில் தேநீர்க்காரர். கட்டித் தேநீரில் இனிப்புக் கட்டிப்பாலைச் சேர்த்து, ஒரு குவளையை உயரத் தூக்கி மற்றதில் நுரைபொங்க ஊற்றுகிறார். மலாய் மொழியில் 'தாரிக்' என்றால் இழுத்தல். எனவே இது 'தே தாரிக்', இழுத்த தேநீர். நாம் 'ஆற்றுவது' என்று சொல்வதையே அவர்கள் 'இழுப்பது' என்கிறார்கள். உயரத்திலிருந்து விழும்போது சூடு தணிகிறது. பாலும் தேநீரும் நன்கு கலக்கின்றன. மேலே நுரை நிற்கிறது.

மேசைகளைப் பார்த்தேன். ஒன்றில் மலாய்க் குடும்பம். தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோற்றை நெத்திலிச் சம்பலுடன் உண்கிறார்கள். மற்றொன்றில் வயது முதிர்ந்த சீனத் தம்பதியர். ரொட்டியைக் கிழித்து ஆணத்தில் தோய்க்கிறார்கள். இன்னொன்றில் நம்மவர். "ரொட்டி கோசோங் இரண்டு, ரொட்டி தெலூர் ஒன்று!" என்று பணியாளர் உரக்கச் சொல்கிறார். கோசோங் என்றால் வெறும் ரொட்டி. தெலூர் என்றால் முட்டை சேர்த்தது. ஆணத்தை வெள்ளமாக ஊற்றச் சொல்பவர் 'பன்ஜிர்' என்கிறார். வீட்டில் இருப்பவருக்குப் பொட்டலம் கட்ட வேண்டுமாயின் 'புங்குஸ்'. எந்த இனத்தவராயினும் இச்சொற்கள் அனைவருக்கும் பொது.

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம், பல்லின மக்கள் ஒன்றுகூடி உண்ணும் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகிய மூன்றும் அதில் சிறப்பாகக் குறிப்பிடப்பட்டன. இவற்றுள் ரொட்டியும் தேநீரும் நம் முன்னோரின் கைவண்ணத்தோடு நெருங்கிய தொடர்புடையவை. நாம் பெருமை கொள்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தோளில் சுமந்த சோறு

ஆனால், பெருமையோடு நின்றுவிடலாகாது. அந்த உணவு அங்கு வந்து சேர்ந்த வரலாற்றையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1786-இல் ஆங்கிலேயர் பினாங்கில் துறைமுக நகரை அமைத்தபோதே சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் அங்குக் குடியேறத் தொடங்கிவிட்டனர். 'சூலியா' என்று அழைக்கப்பட்ட அவர்களின் பெயரால் ஜார்ஜ் டவுனில் இன்றும் சூலியா வீதி இருக்கிறது. 1801-இல் அவர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

வணிகர்களின் பின்னே உழைப்பாளர்கள் வந்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்கும் கப்பலில் வேலை செய்தவர்களுக்கும் காலையில் வயிறு நிறையச் சோறு வேண்டியிருந்தது. நம்மவர்கள் தோளில் ஒரு தடியை வைத்து, ஒரு முனையில் சோறும் மறு முனையில் ஆணமும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகச் சுமந்து விற்றனர். நம் ஊரில் காவடி என்போமே, அந்தச் சுமைக்கு மலாய் மொழியில் 'கண்டார்' என்று பெயர். அச்சோறு 'நாசி கண்டார்' ஆயிற்று. பினாங்கு கேம்பல் வீதியில் உள்ள ஹமீதியா உணவகம் 1907-ஆம் ஆண்டு முதல் தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது. தோள்சுமை மரத்தடிக் கடையாயிற்று. மரத்தடிக் கடை கூரைக் கடையாயிற்று. கூரைக் கடை இன்று இரவும் பகலும் திறந்திருக்கும் பெரும் உணவகமாயிற்று.

இராமநாதபுரம் சீமையிலிருந்தும் கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்தும் நாகூர், நாகப்பட்டினக் கரையிலிருந்தும் அவர்கள் கப்பலேறினார்கள். 'ரஜூலா' என்னும் பெயரைக் கேட்டாலே நம் வீட்டு முதியவர்களின் கண்களில் கடல் தெரியும். சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய கப்பல் அது. அதன்பின் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985-இல் தீ விபத்துக்கு உள்ளாகும் வரை அந்தக் கடல்வழி உயிரோடு இருந்தது.

அக்கப்பல்களில் ஏறியவர்களுள் பெரும்பாலோர் தனி ஆண்கள். மனைவி, மக்களை ஊரில் விட்டுச் சென்றவர்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையோ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையோ ஊர் திரும்புவார்கள். அவர்கள் விடியுமுன் எழுந்து ஊராருக்கெல்லாம் பசியாறக் கொடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ ஊரில், அத்தா இல்லாத பாயில் அமர்ந்து பசியாறினார்கள். ஒரு தலைமுறையில் இருவர் மூவரல்லர். ஊர் ஊராக இப்படித்தான் வாழ்ந்தார்கள். குடும்பத்தோடு ஒரு மேசையில் அமர்ந்து உண்ணும் பேறு இன்று நமக்கு வாய்த்திருக்கிறது என்றால், அந்தப் பேறு இல்லாதவர்களின் உழைப்பினால் வாய்த்தது அது.

அம்மாவின் ஞாயிறு

இனி, அடுப்படியில் தயங்கி நின்ற அம்மாவிடம் வருவோம்.

"வீட்டுச் சாப்பாடு இருக்க, கடைச் சாப்பாடு எதற்கு? வீண் செலவு. உடம்புக்கும் ஆகாது" என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாள்தோறும் கடையில் உண்பது கையையும் கடிக்கும், உடலையும் கெடுக்கும். ஆனால், அந்தப் பெரியவரைப் பார்த்துப் பணிவோடு ஒன்று கேட்கலாம். வீட்டுச் சாப்பாடு தானாக வந்துவிடுகிறதா? வாரத்தில் ஏழு நாளும் எல்லோருக்கும் முன்னே எழுந்து, இடியப்பம் பிழிந்தும் ஆப்பம் சுட்டும் ஆணம் காய்ச்சியும் பரிமாறி, எல்லோரும் எழுந்த பின் ஆறிப்போனதை உண்பவர் யார்? சூடான ஒரு ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்த கையோடு ஒருவர் கொண்டுவந்து அவர் முன்னே வைத்து, "சாப்பிடுங்கம்மா" என்று சொல்லும் நாள் ஆண்டில் எத்தனை?

அன்று பினாங்கில் நான் கண்டது இதுதான். என் உறவினரின் துணைவியார் நாற்பது ஆண்டுகளாக வீட்டில் பரிமாறியவர். மேசையில் அமர்ந்ததும் பழக்கத்தால் பிள்ளைகளின் தட்டைத் தம் பக்கம் இழுத்து ரொட்டியைப் பிய்க்கத் தொடங்கினார். மூத்த மகன் மெல்ல அந்தத் தட்டை நகர்த்தி, "அம்மா, இன்றைக்கு நீங்க முதல்ல சாப்பிடுங்க. சூடா இருக்கு" என்றான். அவர் சிரித்துக்கொண்டே முதல் விள்ளலை எடுத்து, "பிஸ்மில்லாஹ்" என்று வாயில் இட்டார். பின்பு, "எவ்வளவு மெதுவா இருக்கு!" என்று வியந்தார். பல ஆண்டுகளாக அதே கடை ரொட்டியைப் பொட்டலமாகத்தான் உண்டிருக்கிறார். வீடு வந்து சேர்வதற்குள் அது வறண்டுவிடும். கல்லிலிருந்து இறங்கிய சூட்டோடு உண்டது அவருக்கு அரிய அனுபவமாக இருந்தது.

ஒரு காலத்தில் இக்கடைகள் முழுக்க ஆண்களின் இடமாகவே இருந்தன. துறைமுகத் தொழிலாளியும் லாரி ஓட்டுநரும் வந்து அமரும் கடையில் பெண்கள் நுழையத் தயங்கினர். புகைமூட்டமும் ஒரு தடையாக இருந்தது. 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை வந்தபின், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களுக்கு அத்தொல்லை குறைந்தது. இன்று நன்னியும் மருமகளும் பேத்தியும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். ஆண்கள் மட்டும் தொழுகை முடிந்து கூட்டமாகச் சென்று பசியாறிவிட்டு, வீட்டுக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வருவது போதும் என்று இன்னும் நினைப்பவர்கள், அந்தப் பொட்டலத்தைத் தாங்களே ஒருமுறை வீட்டில் பிரித்து உண்டு பார்க்கட்டும்!

கவனிக்க வேண்டியவை

மகிழ்ச்சியாகச் சென்று வரும் காரியத்திலும் சில கவனங்கள் தேவை.

முதலாவது, இனிப்பு. தே தாரிக்கில் கட்டிப்பாலே போதிய இனிப்பு. அதன்மேல் சர்க்கரையும் சேர்வதுண்டு. 2023-ஆம் ஆண்டின் மலேசியத் தேசிய உடல்நல ஆய்வின்படி வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினர் நீரிழிவு உள்ளவர்கள். ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர்! 'குராங் மானிஸ்' என்று சொன்னால் இனிப்பைக் குறைத்துத் தருவார்கள். பாலில்லாத தேநீரைத் 'தே ஓ' என்பர். அதிலும் 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் சர்க்கரையும் இராது. அத்தாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் அவர் கேட்கும் முன் பிள்ளைகளே அதைச் சொல்லிவிடலாமே.

இரண்டாவது, வீண்விரயம். பசியோடு அமரும்போது கண் பெரிதாக இருக்கும். வயிறு சிறிதாக இருக்கும். ஆளுக்கு இரண்டு ரொட்டி என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பாதியைத் தட்டில் விட்டுவிட்டு எழுவதை எத்தனையோ மேசைகளில் கண்டேன். ரொட்டி கேட்டவுடன் வரும் பண்டம். ஒன்றை உண்டபின் மற்றொன்றைச் சொல்வதில் என்ன குறை? தோளில் சோறு சுமந்தவரின் வழியில் வந்தவர்கள் உணவை எச்சிலாக விட்டுச் செல்வது அழகன்று.

மூன்றாவது, ஹலால். நம்மவர் கடை என்றால் கவலையில்லை. ஆனால் பிள்ளைகள் இப்போது சீனர்களின் 'கோப்பித்தியாம்' கடைகளில் கிடைக்கும் காயா தடவிய சுட்ட ரொட்டியையும் அரைவேக்காட்டு முட்டையையும் விரும்புகிறார்கள். 'கோப்பி' மலாய்ச் சொல். 'தியாம்' சீனத்தில் கடை. காயா என்பது தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய இனிப்பு. உணவில் குறையில்லை எனினும், அதே கடையில் வேறென்ன சமைக்கிறார்கள் என்பது முக்கியம். மலேசிய அரசின் ஹலால் சான்றிதழ் பெற்ற இத்தகைய கடைகள் பல உண்டு. சான்றிதழைப் பார்த்து நுழைவதற்குப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டால், பின்னர் அவர்கள் தனியே செல்லும்போதும் நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

நான்காவது, கைப்பேசி. ஐந்து பேர் ஒரு மேசையில் அமர்ந்து ஐந்து திரைகளைப் பார்ப்பதாயின் வீட்டிலேயே இருந்திருக்கலாம். ரொட்டி வரும் வரை உள்ள பத்து நிமிடம் வாரம் முழுவதும் கிடைக்காத பத்து நிமிடம். பள்ளியில் என்ன நடந்தது என்று பிள்ளையிடம் கேளுங்கள். ரஜூலாவில் வந்தபோது என்ன நடந்தது என்று நன்னாவிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஊரில் இப்போது மணி என்ன?

கடைசியாக, அன்று என் உள்ளத்தைத் தொட்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்த இளைஞர் நாங்கள் பேசும் தமிழைக் கேட்டு முகம் மலர்ந்தார். சலாம் சொல்லி, "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"இராமநாதபுரம் பக்கம்ண்ணே. வந்து ரெண்டு வருஷமாச்சு."

"பிள்ளைகள் உண்டா?"

"ஒரு பொண்ணு. நான் வந்தப்ப தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப ஓடுதாம்" என்றவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது மணி எட்டரை. "ஊருல இப்பத்தான் ஆறு. எந்திரிச்சிருக்காது. இங்கே கூட்டம் குறைஞ்சதும் பேசுவேன். அதுக்குள்ளே அது பசியாறி முடிச்சிருக்கும்" என்றார். அதற்குள் பக்கத்து மேசையில் அழைத்தார்கள். ஓடிவிட்டார்.

இரண்டரை மணி நேர இடைவெளி. நாம் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் அதே வேளையில், நமக்குப் பரிமாறுபவரின் குடும்பம் கடலுக்கு அப்பால் அவரில்லாமல் விழிக்கிறது. ரஜூலா நின்றுவிட்டது. விமானத்தில் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். ஆயினும் அந்தப் பிள்ளையின் பாயில் அத்தாவின் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

ஆகவே, மலேசியாவில் வாழும் வாசகர்களே! மேசைக்கு வரும் இளைஞரை விரல் சொடுக்கி அழைக்காதீர்கள். "தம்பி" என்று அழையுங்கள். "பசியாறிட்டீங்களா?" என்று ஒரு சொல் கேளுங்கள். அவர் ஆயிரம் பேருக்குப் பசியாற வைப்பவர். அவரிடம் அதைக் கேட்பவர் அரிது. கடை நடத்தும் சகோதரர்களே! காலைக் கூட்டம் நெருக்கும் என்பதை அறிவோம். ஆயினும், ஊரில் பிள்ளை பசியாறும் நேரத்துக்கு ஒரு பத்து நிமிடம் பேச விடுப்பு கொடுங்கள். ஒருவர் மாற்றி ஒருவர் நின்றால் முடியாத காரியமன்று.

தமிழகத்தில் வாழும் வாசகர்களே! உங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் அங்கே தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கலாம். அவர் அழைக்கும்போது பணம் வந்ததா என்பதை மட்டும் பேசி வைத்துவிடாதீர்கள். பிள்ளை இன்று என்ன சாப்பிட்டாள் என்பதைச் சொல்லுங்கள். அவர் ஊர் வரும்போது, விருந்துக்கும் கல்யாணத்துக்குமே நாள்களைச் செலவிடாமல், ஒரு காலையாவது மனைவி, மக்களோடு உள்ளூர்க் கடையில் அமர்ந்து பசியாற வழி விடுங்கள். அன்று அவர் பரிமாற வேண்டாம். அவர் மனைவியும் பரிமாற வேண்டாம்.

வரும் விடுமுறைக் காலையில் உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி எழலாம். எழாவிட்டால் நீங்களே எழுப்புங்கள். அடுப்படியை நோக்கிச் சற்று உரக்கவே கேளுங்கள்: "பசியாறப் போவோமா?"